ஒன்றரை மீட்டரும் இருநூறு மீட்டரும்

வீடு கட்ட அனுமதி கேட்கும் மனுவோடு இணைக்கிற வரைபடத்தை ஒருமுறையாவது விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? வெளிக்கோடு மனையின் எல்லை. உள்கோடு கட்டடத்தின் சுவர். சுவருக்கு உள்ளே கூடம், படுக்கையறை, சமையலறை, கழிவறை என்று எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி நீள அகலம் குறித்திருப்பார்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். அதில் 1.50 என்று ஓர் எண் மட்டும் இருக்கும்; பெயர் இருக்காது. பொறியாளர் அதை செட்பேக் என்பார். மேஸ்திரி ‘சைடு விடுறது’ என்பார். எங்கள் வீட்டில் அதற்குச் சந்து என்று பெயர்.

துணி துவைக்கிற கல் சந்தில்தான் கிடக்கிறது. மீன் கழுவுகிற குழாயும், கழுவிய பாத்திரத்தைக் கவிழ்க்கிற மேடையும் அங்கேதான். மாதவிடாய்த் துணி யார் கண்ணிலும் படாமல் காய வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது காய்கிற கொடியும் அங்கேதான். மாமியார் காதில் விழாமல் அம்மாவோடு போனில் பேசுவது, மதிலுக்கு மேலாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கறிவேப்பிலை வாங்குவது, அழுகை வந்தால் போய் நிற்பது எல்லாம் அந்த ஐந்தடி அகலத்துக்குள். எதுவும் இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிற இடத்தில்தான் வீட்டு வேலையில் பாதி நடக்கிறது.

இதை எழுத நான் வாசிக்க எடுத்துக்கொண்டவை கதையோ கவிதையோ அல்ல, இரண்டு அரசு ஆவணங்கள். ஒன்று, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019. மற்றது, சுனாமிக்குப் பின் 2005 மார்ச் 30 அன்று வருவாய்த் துறை வெளியிட்ட 172ஆம் எண் அரசாணை. முதலாவது பக்கத்து மனையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்கிறது. இரண்டாவது கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் குடியிருக்க வேண்டும் என்கிறது. கடலூர் மாவட்டத்துப் பெண்கள் இரண்டுக்கும் உட்பட்டு வாழ்கிறார்கள். இரண்டு ஆவணங்களிலும் ஒரே பார்வைக் கோளாறு இருக்கிறது. விடப்படும் இடத்தை அவை வெற்றிடம் என்று மட்டுமே பார்க்கின்றன. அங்கே உழைப்பவளை அவை பார்ப்பதில்லை.

முதலில் சிறிய அளவு. 2019 பிப்ரவரி 4ஆம் தேதி வந்த விதிகள், அதுவரை சென்னைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாகக் கட்டின. அதில் ஏழு மீட்டர் உயரத்துக்குள் கட்டும் வீட்டுக்கு, மனை ஒன்பது மீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் விட வேண்டும். ஆறு மீட்டருக்குள் ஒடுங்கிய மனைக்கு ஒரு பக்கம் மட்டும் ஒரு மீட்டர் போதும். முன்பக்கம் விடுவது சாலையின் அகலத்தைப் பொறுத்தது. காற்று, வெளிச்சம், தீ பரவாமல் தடுப்பது ஆகியவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். மூன்றும் நல்ல காரணங்கள்தான். ஆனால் அந்த இடைவெளிக்குள் எவையெல்லாம் இருக்கலாம் என்று விதிகள் தருகிற விலக்குப் பட்டியலைப் படித்தால் அது யாரை நினைத்து எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். கிணறு, கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், சன்னலுக்கு மேல் நீளும் மழைத்தடுப்பு எல்லாம் வருகின்றன. காவலாளி அறைகூட வருகிறது. துவைக்கிற கல்லையோ துணி காய்கிற கொடியையோ யாரும் நினைக்கவில்லை. அவை ‘கட்டுமானம்’ இல்லையே, அவற்றுக்கு எதற்கு விலக்கு என்று ஒரு பொறியாளர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் சொன்னது சட்டப்படி சரி. கட்டுமானம் இல்லாத வேலை சட்டத்தின் கண்ணில் படாது என்பதுதான் என் புகாரும்.

தேசியக் கட்டடக் குறியீடு வசிக்கும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் கேட்கிறது. சாப்பாட்டு அறை தனியாக உள்ள வீட்டில் சமையலறைக்கு 5 சதுர மீட்டர் போதும் என்கிறது. ஏறத்தாழ 54 சதுர அடி. அதே குறியீடு சமையலறைக்கு ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத சன்னல் வேண்டும் என்றும், அது திறந்த வெளியை நேராகப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் தெருக்களில் நடந்து பாருங்கள். சமையலறை வீட்டின் பின்மூலையில் இருக்கும். அதன் சன்னல் சந்தைப் பார்த்திருக்கும். பக்கத்து மனைக்காரர் தன் பங்கு ஒன்றரை மீட்டரை விடாமல் சுவரை எழுப்பினால் முதலில் இருட்டாவது நம் சமையலறை. முன்பக்க இடைவெளியை யாரும் எளிதில் தொடுவதில்லை. அங்கே வண்டி நிற்க வேண்டும், வீட்டின் முகப்பு தெருவுக்குத் தெரிய வேண்டும். விதியை மீறும்போது விழுங்கப்படுவது பெரும்பாலும் பக்கமும் பின்னும்தான். (வாஸ்துவை மட்டும் ஒரு அங்குலம் மீற மாட்டார்கள். அக்னி மூலையில் அடுப்பு இருந்தாக வேண்டும். அந்த மூலைக்கு வெளிச்சம் வருகிறதா என்று வாஸ்து பார்க்க வருபவரும் கேட்பதில்லை.)

‘பிளான் ஒண்ணு, வீடு ஒண்ணு’ என்பது நம் ஊரில் குற்றமாகவே கருதப்படாத நடைமுறை. அனுமதிக்கு ஒரு வரைபடம், மேஸ்திரி கையில் இன்னொன்று. இரண்டாவது வரைபடத்தை முடிவுசெய்யும் பேச்சு வாசலில், நின்றபடி, ஆண்களுக்குள் நடக்கும். பில்லருக்குக் குழி தோண்டிய பிறகுதான் சந்து ஒரு மீட்டராகிவிட்டது என்று வீட்டுப் பெண்ணுக்குத் தெரியவரும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து மனையில் சுவர் எல்லையை ஒட்டி எழும்பியபோது நான் மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மனுவை வாங்கியவர் அதைப் படிப்பதற்கு முன்பே, ‘வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?’ என்றார். எதற்கு என்றேன். ‘இதெல்லாம் அளந்து பேசற விஷயம்’ என்றார். அளவுநாடா என் கைப்பையில் இருந்தது. மூன்று முறை அலைந்தேன். நான்காவது முறை என் அண்ணனை அழைத்துப் போனபோது அவனுக்கு நாற்காலி கிடைத்தது. இதைக் கேட்ட என் மாணவிகள் யாருமே ஆச்சரியப்படவில்லை.

சந்தைப் பற்றி இவ்வளவு உருகுகிறேனே, பழைய வீடுகளின் கொல்லைப்புறத்துக்கே திரும்பிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் பிறந்தது சிதம்பரம். அங்கே தேர் ஓடும் நான்கு வீதிகளையும் சன்னதித் தெருக்களையும் ஒட்டிய பழைய வீடுகளில் பக்க இடைவெளி என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு வீட்டுக்கு ஒரே பொதுச்சுவர். இப்படிப்பட்ட நெருக்கத்தைப் புதிய விதிகளும் தொடர் கட்டடப் பகுதி என்று தனியாக வகைப்படுத்தி, அங்கே பக்க இடைவெளி கேட்பதில்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று வீடு நீளமாகப் பின்னால் போகும். வெளிச்சம் முற்றத்தின் வழியாக மேலிருந்து இறங்கும். கட்டடக்கலை மாணவர்கள் இந்த வீடுகளைப் படம் எடுத்துப் பாராட்டுகிறார்கள். காற்றோட்டம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நீளக் கோட்டில் யார் எதுவரை வரலாம் என்பது சாதியாலும் பாலாலும் அளந்து வைக்கப்பட்டிருந்தது. திண்ணை ஆண்களுடையது. தீட்டு நாட்களில் பெண்ணின் இடம் கொல்லைப்பக்கம். எடுப்புக் கழிப்பறை கொல்லையின் கடைசியில் இருந்தது. அதைச் சுத்தம் செய்ய வந்தவர் பின்சந்து வழியாக வந்து பின்சந்து வழியாகப் போனார். பல நேரம் அவரும் ஒரு பெண். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல்தான் வந்தது. 2013இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஆகவே கொல்லையை நினைத்து ஏங்க எனக்கு மனம் வருவதில்லை. வெற்றிடம் என்று சொல்லப்பட்ட எந்த இடமும் நம் ஊரில் வெற்றாக இருந்ததில்லை என்று சொல்லத்தான் அதை இங்கே எடுத்தேன்.

நாலு பக்கமும் இடம் விட்டு நடுவில் வீடு என்பது காலனியக் காலத்துப் பங்களாவின் உருவம். தோட்டத்துக்கு நடுவே தனித்து நிற்கிற வீடு. 1920இல் வந்த சென்னை நகரமைப்புச் சட்டத்திலிருந்து இன்றுவரை நமக்கு நல்ல வீடு என்றால் மனத்தில் வருவது அந்த உருவத்தின் சுருங்கிய பிரதி என்றே நான் நினைக்கிறேன். பங்களாவைச் சுற்றித் தோட்டம் இருந்தது. வேலைக்காரர்களுக்குத் தனிக் கட்டடம் இருந்தது. அதை 30க்கு 40 அடி மனைக்குள் சுருக்கியபோது தோட்டம் ஐந்தடிப் பட்டையாயிற்று. வேலைக்காரர்கள் செய்த வேலை அந்த வீட்டு மனைவியின் தலையில் வந்து விழுந்தது. தோட்டத்தை அளந்து எழுதி வைத்தவர்கள் வேலையை எங்கும் எழுதவில்லை.

கடலூரில் ‘தள்ளிக் கட்டு’ என்பதற்கு இன்னொரு அளவும் உண்டு. 1991 பிப்ரவரி 19 அன்று வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, நகர வளர்ச்சி இல்லாத கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிதாக வீடு எதுவும் எழும்பக் கூடாது என்றது. காகிதத்தில் கிடந்த அந்த 200 மீட்டர் உயிர் பெற்றது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் முதல் சிதம்பரம் பக்கத்துச் சாமியார்பேட்டை, கிள்ளை வரை கரையோரம் சிதைந்து கிடந்தது. 2005 மார்ச்சில் ஆக்ஸ்பாம் வெளியிட்ட கணக்கின்படி கடலூரில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146. பச்சையாங்குப்பத்தில் இறந்த அனைவருமே பெண்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போன ஆண்கள் ஆழத்தில் இருந்தார்கள். அங்கே அலை அவ்வளவாகத் தெரியவில்லை. பெண்கள் படகு திரும்புவதை எதிர்பார்த்து மீன் வாங்கக் கரையில் நின்றார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். நீச்சல் கற்றுக்கொடுக்கப்படாதது, புடவை, இடுப்பில் குழந்தை எல்லாம் சேர்ந்துகொண்டன.

அப்படியானால் 200 மீட்டர் தள்ளிப் போவது பெண்களின் உயிரைக் காக்கும் ஏற்பாடுதானே? ஆம். அதை மறுக்க எனக்கு வாயில்லை. 172ஆம் எண் அரசாணை அந்தப் பேரிடருக்குப் பதிலாக வந்தது. 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில், 325 சதுர அடி அளவில் காங்கிரீட் வீடு இலவசம். சம்மதிக்காதவர்கள் இருக்கிற இடத்திலேயே தங்கள் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. வீடு வாங்குகிறவர்கள் பழைய வீட்டையும் மனையையும் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். புது வீடு மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிவாகும்.

கடைசி வரியை மனதாரப் பாராட்டுகிறேன். அதுவரை தன் பெயரில் ஒரு சதுர அடிகூட இல்லாத பெண்களின் பெயர் ஆவணத்தில் ஏறியது. அதை எழுதியவர்களில் யாரோ ஒருவர், அல்லது அவர்களை எழுத வைத்த பெண்கள் இயக்கங்கள், சரியாகவே யோசித்திருக்கிறார்கள். ஆனால் உரிமையாளராகப் பெண்ணைக் கண்ட அதே ஆணை உழைப்பாளியாக அவளைக் காணவில்லை. மீனவரின் வாழ்வாதாரம் என்றால் படகு, வலை, எஞ்சின். இவை கரையிலேயே இருக்கலாம். ஆண் சைக்கிளில் வந்து ஏறிக்கொள்வார். பெண்ணின் வேலை வேறு விதமானது. விடியற்காலை ஏலத்தில் நிற்க வேண்டும். விற்காத மீனை உப்பிட்டு மணலில் பரப்ப வேண்டும். நாய்க்கும் காக்கைக்கும் காவல் இருந்து நடுப்பகலில் புரட்டிப் போட வேண்டும். மேகம் கருத்தால் ஓடிப்போய் அள்ள வேண்டும். நடுவில் உலை வைக்க வேண்டும், பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். அடுப்பும் கருவாடும் ஒரே கூப்பிடு தூரத்தில் இருந்ததால்தான் ஒருத்தியால் இரண்டையும் பார்க்க முடிந்தது. வீட்டை மட்டும் தள்ளி வைத்தபோது அந்தத் தூரம் அவள் காலில் ஏறியது. கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால் மீன் நாற்றம் என்று முகம் சுளிப்பார்கள். கூடைக்குத் தனிக் கட்டணமும் கேட்பார்கள்.

இந்த இடத்தில் 1991 அறிவிக்கையை மறுபடி படிக்க வேண்டும். அது கடற்கரையை எல்லோருக்கும் மூடவில்லை. கடல்முகப்பு இல்லாமல் நடக்காத தொழில்களுக்கு வழி விட்டது. துறைமுகத்துக்கு வழி உண்டு. கச்சாப்பொருள் இறக்கவும், ஆலையைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுத்து மறுபடி கடலில் விடவும் வழி உண்டு. கருவாடு போடுவதும் கடல்முகப்பு இல்லாமல் நடக்காத தொழில்தானே? அதற்குக் கிடைத்தது, அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் இயற்கையாக மீன் உலர்த்துவது தடையில் சேராது என்ற ஒரு விலக்குதான். 2011 அறிவிக்கையில்தான் மீன் உலர்த்தும் களமும் ஏலக் கூடமும் வலை சீரமைக்கும் இடமும் அனுமதிப் பட்டியலில் வெளிப்படையாக இடம்பெற்றன. கூடவே 100 மீட்டருக்கு அப்பால் பாரம்பரியக் கரையோர மக்கள் வீடு கட்டவும் வழி திறந்தது. அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பழைய மனைகளை எழுதிக் கொடுத்தாயிற்று. 2019 அறிவிக்கை இன்னும் இறங்கிவந்து, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் கிராமக் கரைகளில் தடையை 50 மீட்டராகச் சுருக்கியது. 200 மீட்டர் ஆபத்து என்று நம்பி இடத்தை விட்டுக் கொடுத்தவள் இப்போது யாரிடம் போய்க் கேட்பாள்? அந்த ஒப்படைப்பு ஒருவழிப் பாதை. சுருங்கிய தடைக்கு வெளியே வரும் மணலில் நாளை விடுதி வரலாம். அவள் வீடு திரும்பி வராது.

மாற்றிக் கொடுத்த வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காங்கிரீட்டை நான் பழிக்கவில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் கீற்றுக் கூரை பறந்ததைப் பார்த்த எந்தக் கடலூர்ப் பெண்ணும் பழிக்க மாட்டாள். 2015 வெள்ளத்தில் மொட்டை மாடிதான் பலரைக் காத்தது. ஆனால் சுனாமிக் குடியிருப்புகளில் நடந்து பாருங்கள். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள்; பல வீடுகளின் முன்னாலோ பக்கத்திலோ கீற்றிலும் தகரத்திலும் ஒரு சாய்ப்பு. அதற்குள் அடுப்பு. காங்கிரீட் பெட்டிக்குள் விறகுப் புகையையும் மதிய வெக்கையையும் தாங்க முடியாமல் பெண்கள் தாங்களே இறக்கிக்கொண்டது அது. நாகப்பட்டினம் பக்கத்துச் சுனாமி வீடுகளை ஆராய்ந்த ஜெனிஃபர் டுயின் பேரன்ஸ்டீன், மறுகட்டுமானத்துக்காக மரங்கள் வெட்டப்பட்டதையும், நிழலில் வேலை செய்துகொண்டிருந்த பெண்களுக்கு அந்த நிழல் போனதையும் எழுதியிருக்கிறார். அதிகாரியின் கண்ணுக்கு அந்தச் சாய்ப்பு ஒரு விதிமீறல், இடைவெளிக்குள் எழுந்த ஆக்கிரமிப்பு. எனக்கு அது அந்த வரைபடத்தின் மேல் எழுதப்பட்ட விமர்சனமாகத் தெரிகிறது. நான் இங்கே பக்கம் பக்கமாக எழுதுவதை அவர்கள் பத்துக் கீற்றில் முடித்துவிட்டார்கள்.

அந்த வீடுகளின் தளத்துக்குச் சட்டி சட்டியாகக் காங்கிரீட் சுமந்த சித்தாள்களும் பெண்கள். கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நல வரி அனுமதி வாங்கும்போதே வசூலாகிறது. குறிப்பிட்ட மதிப்புக்குள் கட்டும் சொந்த வீட்டுக்கு அது இல்லை. கட்டட அனுமதிக்கான காகிதங்களில் கட்டுகிறவளின் தடம் அந்த ஒரு ரூபாயில் மட்டும்தான்.

2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும், உயரம் ஏழு மீட்டருக்குள் என்றால் இணையத்தில் ஆவணம் ஏற்றிக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். முன் ஆய்வு கிடையாது. நாற்காலி தராத அலுவலகத்தைப் பார்த்தவள் என்ற முறையில் இதை வரவேற்கிறேன். கணவனை இழந்த ஒருத்தி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தன் வீட்டுக்குத் தானே அனுமதி வாங்க முடிகிறது. ஆனால் பக்கத்து வீட்டுச் சமையலறை சன்னலை முன்கூட்டியே யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன் என்று விண்ணப்பதாரர் சொன்னால் விட்டதாகவே ஆகிவிடுகிறது. நேர்மையாக அளந்து சொல்கிறவர்களைக் குறை கூறவில்லை. சொல்லாதவர் பக்கத்தில் வாழ்கிறவளுக்கு, சுவர் எழுந்த பிறகு புகார் எழுதுவது ஒன்றுதான் மிச்சம். விண்ணப்பம் ஏறியதும் இரு பக்கத்து மனைக்காரர்களுக்கும் வரைபடத்தோடு ஒரு குறுஞ்செய்தி போனால் போதும். இணையத்தில் அனுமதியே தர முடிகிறவர்களுக்கு அது பெரிய வேலை இல்லை. அந்தச் செய்தி பட்டாவில் பெயருள்ள ஆணின் எண்ணுக்கு மட்டும் போகாமல் இருக்க வேண்டும்.

2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. ‘எல்லாம் அவ பேர்லதான் இருக்கு’ என்று பெருமையாகச் சொல்லும் கணவர்கள் இனி கூடுவார்கள். பெயர் அவளுடையது, வரைபடம் அவருடையது என்ற நிலை மாறாமலும் இது நடக்கலாம். ஆனாலும் காகிதத்தில் இருக்கிற பெயருக்கு ஒரு பலம் உண்டு. அதைச் சுனாமிக் குடியிருப்புகளில் இப்போது பார்க்கலாம். அன்று கைக்குழந்தையாக இருந்தவர்களுக்குத் திருமண வயது வந்துவிட்டது. 325 சதுர அடியில் இரண்டு குடும்பம் இருக்க முடியாது. மேலே ஒரு தளம் எடுக்க வேண்டும், அல்லது சாய்ப்பு இருக்கிற பக்கத்தில் ஓர் அறை இழுக்க வேண்டும். அதற்கு 2019 விதிகளின்படி அனுமதி வேண்டும். அனுமதி மனுவில் உரிமையாளர் இருவரும் கையெழுத்திட வேண்டும். மகனும் மேஸ்திரியும் வாசலில் நின்று பேசி முடித்து வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறபோது, அம்மா அதை வாங்கிப் பார்த்து, அடுப்புச் சாய்ப்பு எங்கே போகிறது, துவைக்கிற கல்லை எங்கே போடுவது, கருவாடு காய மேலே படி உண்டா என்று கேட்கலாம். பதில் வரைபடத்தில் ஏறும்வரை பேனாவை வாங்காமல் இருக்கலாம்.